உட்கரு இல்லாத நூலகம்

ஜூன் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பதினாறு வயதில் எங்கள் ஊர் நூலகத்துப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு படத்தை பிளேடால் வெட்டி எடுத்தவன் நான். பிளேடு அப்பாவின் சவரப் பெட்டியிலிருந்து எடுத்தது. நல்ல பிள்ளையாக அதைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன். மறுநாள் அவர் கன்னத்தில் இரண்டு இடத்தில் செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது.

முப்பத்தேழு வருடம் கழித்து இது எதற்கு என்றால், நகராட்சி கட்டப்போகும் புதிய நூலகத்துக்கு என் வரைபடம் இன்று தேர்வாகிவிட்டது. கட்டடக் கலைஞர் வி. கனகசபாபதி என்று மைக்கில் என் முழுப் பெயரைச் சொன்னார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர், "இந்த ஐடியா எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டார். நான் கண்ணை லேசாக மூடிக்கொண்டேன். ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் நடந்தபோது அறுத்துப் போட்ட தென்னை மரத்தைப் பார்த்தேன், அதன் வெட்டுமுகத்தில் இயற்கை எனக்காக ஒரு நூலகத்தை வரைந்து வைத்திருந்தது என்றேன். நகர்மன்றத் தலைவர் கை தட்டினார். எனக்கே கண் கலங்கியது.

தோப்பாவது, நடையாவது. தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டரில் போகிறவன் நான்.

வரைபடம் வந்தது அந்தத் திருட்டுப் படத்திலிருந்து. படம் 47: தென்னைத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம். செல் செல்லாக நெருங்கிக் கிடக்கும்; நடு நடுவே தண்ணீர் ஏறும் குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கும். செல்களை அறைகளாக்கினேன், கற்றைகளைத் தூண்களாக்கினேன். மொத்தம் இருபத்தேழு அறை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உருவம் ஒத்துப்போகாது. தாழ்வாரமே கிடையாது, அறையிலிருந்து அறைக்கே போக வேண்டும். வாசகன் தன் செல்லுக்குள் ஒடுங்கி, யார் கண்ணிலும் படாமல் படிக்கலாம்.

யார் கண்ணிலும் படாமல். இதைப் பெருமையாக அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

பேப்பரில் படம் வந்திருக்கிறது. வயிற்றை உள்ளே இழுத்தது தெரிகிறது என்று என் மனைவி வசுமதி சொன்னாள். தோப்பைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, "எந்தத் தோப்புங்க?" என்றாள். பல் தேய்க்கப் போய்விட்டேன். இரண்டாம் தடவை.

ஜூன் 6, வியாழன்

நூலகர் ரவூப் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்த மனிதர். கேள்வி கேட்பதற்கு முன் மன்னிப்புக் கேட்பார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். சுவரெல்லாம் கோணல் கோணலா இருக்குதுங்களே, நம்ம ரேக்கெல்லாம் நேரா இருக்குமே?"

"எந்த ரேக்?"

"இரும்பு ரேக்குங்க. புத்தகம் வெக்கற ரேக்."

நூலகத்தில் புத்தகம் வைக்க ரேக் இருக்கும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நேரான ரேக்கைக் கோணல் சுவரில் சாய்த்தால் பின்னால் முக்கோணமாக ஒரு பொந்து விழும். எண்பது ரேக்குக்கு எண்பது பொந்து. "அதுல என்னங்க வெக்கறது?" என்றார். காற்று சுற்றி வருவதற்கான இடம் என்றேன். அவர் நம்பினார். நம்புகிறவர்களிடம் பொய் சொல்லும்போதுதான் காது சூடாகிறது.

"சார் கடைசியா எப்ப நம்ம லைப்ரரிக்கு வந்தீங்க?" என்று கேட்டார். "ரொம்ப நாளாச்சுங்க" என்றேன். 1987 அக்டோபருக்குப் பிறகு ஒரு நூலகத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. பார்க்க வேண்டிய இடம் என்று டில்லியில் கூட்டிப்போனபோதும் வாசலில் நின்று வேர்க்கடலை தின்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

வாசகர் வட்டக் கூட்டம். வட்டம் தீர்மானம் போட்டுக் கொடுத்தால்தான் நகராட்சி வேலையைத் தொடங்கும். தலைவி நீங்கலாகப் பதினோரு பேர். தலைவி பரிமளா சிஸ்டர், அரசு ஆஸ்பத்திரியில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருப்பதால் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கியே உட்காருகிறார்கள்.

நான் அட்டை மாதிரியைப் பிரித்து வைத்து, செல், இயற்கை, சுதந்திரம் என்று இருபது நிமிடம் பேசினேன். சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி மாதிரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ரவூப் எங்க உக்காருவாரு?"

"நுழைவாயில்லதானுங்க சிஸ்டர்."

"அங்கிருந்து இந்தக் கோடி ரூம் தெரியுமா?"

"தெரியாதுங்க. அதுதாங்க இதோட அழகே. வாசகரை நம்பணும்."

"வாசகரையா? நம்பவே கூடாது. எனக்குத் தெரியாதுங்களா?" என்று சொல்லிவிட்டு ஒரு கதை சொன்னார். மற்றவர்கள் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால் வருடா வருடம் கேட்கிற கதை போலிருந்தது.

எண்பத்தேழாம் வருடம். வேலைக்குச் சேர்ந்த புதிது. எம்பிராய்டரி போடுவதற்குப் பூப்படம் பார்த்து வரையலாம் என்று நூலகத்திலிருந்து ஒரு தாவரவியல் படத்தொகுப்பை எடுத்துப் போயிருக்கிறார். திருப்பிக் கொடுத்த அன்று அந்தக் காலத்து நூலகர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, ஒரு படம் பிளேடால் வெட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் இவர் பெயரும் உறுப்பினர் எண்ணும் ஏறின. அட்டை ரத்து. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மூத்த சிஸ்டர் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஆஸ்பத்திரியில எனக்கு என்ன பேருங்கறீங்க? பிளேடு பரிமளா! ஆபரேஷனுக்கு வர்றவன்கூட கேப்பான், 'பிளேடு சிஸ்டர் இல்லீல்ல?'ன்னு. எவனோ ஒரு கடங்காரன் மூலையில உக்காந்து வெட்டிட்டுப் போயிட்டான். பேரு எனக்கு. அதனால சொல்றேன், நூலகர் மேசை நடுவுல வரணும். எல்லா மூலையும் அங்கிருந்து தெரியணும். இல்லீன்னா இந்தத் தீர்மானத்துல என் கையெழுத்து விழாது."

பதினோரு பேரும் அந்தக் கடங்காரனைத் திட்டினார்கள். பன்னிரண்டாவதாக நானும் திட்டினேன். மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே.

ஜூன் 17, திங்கள்

வேலை ஓடவில்லை. பென்சில் சீவினேன். ஒன்பது பென்சில்.

ஜூன் 19, புதன்

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில், வடிவமைப்பைப் பற்றி மட்டும் பேசுவது என்று தீர்மானம் திருத்தப்பட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நலம் விசாரித்துவிட்டு வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

"வாங்க தம்பி, உக்காருங்க. சக்கரை எத்தன?" என்றார். பிரஷரும் பார்த்தார். நூற்று அறுபது. "என்னத்தப் போட்டு மனசுல அமுக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கட்டட வேலை என்றால் சும்மாவா என்றேன்.

சங்கடத்தில் வீட்டைப் புகழ ஆரம்பித்தேன். டிவிக்கு மேலே ஒரு பழைய வண்ணப்படம் சட்டம் போட்டுத் தொங்கியது. செம்பருத்திப் பூவை நெடுக்குவாக்கில் இரண்டாக வகுந்தது போல, உள்ளே சூலகம், மகரந்தத்தூள் எல்லாம் தெரிகிற மாதிரி. பிரமாதமான அச்சு. இடது ஓரம்தான் லேசாகக் கோணியிருந்தது, பிரேம்காரன் கைவரிசை. சோபாவில் இருந்த தலையணை உறையிலும் அதே பூ, சூலகத்தோடு. பூவைத் தைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். வகுந்த பூவைத் தைத்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

"அருமையான படமுங்க சிஸ்டர். எங்க கெடச்சுது?"

"அதுங்களா? ஏதோ மருந்துக் கம்பெனி காலண்டருங்க. காபி ஆறுது, குடிங்க."

குடித்தேன். நாக்கு வெந்தது. எனக்கு வேண்டியதுதான். பாவம் இந்த அம்மாள். காலண்டர் படத்தைச் சட்டம் போட்டு ஆசையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார், நான் அவருக்கு வாங்கிக்கொடுத்த கெட்ட பெயரோடு.

ஜூன் 23, ஞாயிறு

சந்தைத் திடலில் ஒத்திகை. என் யோசனைதான். சுண்ணாம்புத் தூளால் தரையில் முழு அளவில் வரைபடத்தைப் போட்டு, சுவருக்குப் பதிலாகத் தென்னந்தடுக்குகளை நட்டு, பன்னிரண்டு அறைகளை எழுப்பினோம். தென்னைக்குள் தென்னை என்று நானே நகைச்சுவை செய்து நானே சிரித்தேன். உள்ளே நடந்து பார்த்தால் சிஸ்டருக்கு மனசு மாறும் என்று கணக்கு.

சிஸ்டர் பையிலிருந்து புத்தம் புதிய வார இதழ்களை எடுத்தார். ஆளுக்கொன்று கொடுத்தார், எனக்கும் சேர்த்து. "ஒவ்வொரு ரூமுக்கு ஒருத்தரா போயி அரை மணி நேரம் படிச்சுட்டு வாங்க. அவ்வளவுதான்" என்றார். ரவூப்பை நுழைவாயிலில் உட்காரவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அரை மணி கழித்து இதழ்கள் திரும்பி வந்தன. சிஸ்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றில் சமையல் குறிப்பு இல்லை. ஒன்றில் ராசிபலன் இல்லை. ஒன்றில் மனை விற்பனை விளம்பரம் இல்லை. ஒன்றில் குறுக்கெழுத்துப் போட்டி இல்லை.

"யாருங்க?"

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் சட்டைப் பையைக் கையால் மூடியபடி வானத்தைப் பார்த்தார். ரவூப், "நான் யாரையுமே பாக்கலீங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"படிச்சவங்க, பெரியவங்க, பன்னண்டே பேரு. அதுல நாலு! ஊரே வந்தா என்னாகும்? இன்னும் நம்பறீங்களா தம்பி?"

நான் விடவில்லை. எட்டுப் பேர் கிழிக்கவில்லையே, அந்த எட்டுப் பேருக்காகக் கட்டுவோம் என்று முழங்கினேன். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். முழங்கிக்கொண்டிருக்கும்போதே என் பைக்குள் காகிதம் சரசரத்தது.

குறுக்கெழுத்தைக் கிழித்தவர் யார் என்று இந்த நாட்குறிப்பில் எழுத விரும்பவில்லை. மேலிருந்து கீழ் ஒன்பது மட்டும் இன்னும் வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

வசுமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தெரியாமல் விடமாட்டாள்.

"ஏனுங்க, பத்து நாளா குடிச்ச டம்ளர நீங்களே கழுவி வெக்கறீங்க. என்ன தப்புப் பண்ணுனீங்க?"

பீரோவிலிருந்து ஜாதகக் கட்டை எடுத்து, அதற்குள்ளிருந்து படம் 47-ஐ எடுத்து அவள் முன் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரெக்கார்டு நோட்டில் படம் வரைய வராது. மேலே தாளை வைத்துப் பார்த்து வரையலாம் என்று வெட்டினேன். பிறகு திருப்பி வைக்கப் பயம். இன்னொருத்தர் தலையில் விடியும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப அந்தத் தோப்பு?"

"இல்லை."

"அந்த அம்மாகிட்டப் போயி சொல்லுங்க. கட்டடம் போனாப் போகுது."

"எல்லாரும் இருக்கறப்பவா?"

"அந்த அம்மாவுக்குப் பேரு எல்லாரும் இருக்கறப்பத்தான போச்சு?"

கணக்கு டீச்சரைக் கட்டியவனுக்கு இதுதான் கஷ்டம். இரண்டு பக்கமும் சமமாகிற வரை விடமாட்டார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கூட்டம் தொடங்கியதும் எழுந்தேன். நகைச்சுவையாக ஆரம்பிக்கலாம் என்று இரண்டு வாக்கியம் தயார் செய்திருந்தேன், இரண்டும் மறந்துபோயின. "சிஸ்டர், அந்தக் கடங்காரன் நான்தானுங்க" என்று மட்டும் வந்தது. படத்தை அவர் முன்னால் மேசையில் வைத்தேன். தோப்பு கிடையாது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒருமுறை வாந்தி வந்தால் எல்லாம்தான் வருகிறது.

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதையா வெட்டுனீங்க?"

"ஆமாங்க."

"எண்பத்தேழுலயா?"

"ஆமாங்க சிஸ்டர். மன்னிக்கச் சொல்லிக் கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லீங்க."

மறுபடி படத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருந்த கறுப்புப் புள்ளி ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்னன்னு நெனச்சீங்க?"

"அச்சு மை தெறிச்சதுங்க."

"சரியாப் போச்சு. உட்கரு தம்பி! நியூக்ளியஸ். செல்லை நடத்தறதே அதுதான். அதைய விட்டுப்போட்டு மிச்சத்தைக் கட்டடமா வரைஞ்சு கொண்டாந்தீங்களாக்கும்?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். திருட்டுக்காவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். திருடியதைப் புரிந்துகொள்ளாததுதான் தாங்க முடியவில்லை. முப்பத்தேழு வருடம் பீரோவில் வைத்துப் பாதுகாத்திருக்கிறேன், ஒரு நாளாவது ஒழுங்காகப் பார்த்தேனா?

தலைமை ஆசிரியர் என் மேல் நடவடிக்கை வேண்டும் என்றார். (அவர் பையில் ராசிபலன்.) சிஸ்டர் கையமர்த்தினார். "சின்ன வயசுல பண்ணுனது. நான் மன்னிச்சுட்டேன். யாரும் இதைப் பத்தி இனி பேச வேண்டாம்" என்றார். அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பார் என்று நினைக்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை மைக் இல்லை.

ரவூப் எழுந்தார். "அந்தப் புத்தகம் இன்னும் நம்மகிட்டத்தானுங்க இருக்குது சிஸ்டர். தப்பா நெனைக்கலீன்னா, அந்தச் சிவப்பு மையை அடிச்சுட்டு, படத்தை ஒட்டிரலாங்களா?"

"எதுக்குங்க ரவூப், பழசைக் கிளறிட்டு? கழிவுல போட்டுருங்க. படம் என்கிட்டவே இருக்கட்டும்" என்று சொல்லிப் படத்தைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "அப்பறம் தம்பி, மேசை நடுவுல வந்துருமில்ல?"

வந்துரும் என்றேன். எதைக் கேட்டிருந்தாலும் வந்துரும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜூலை 4, வியாழன்

டீக்கடையில் என்னை பிளேடு கனகு என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பழகிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

புதிய வரைபடம் முடிந்தது. நடுவில் வட்டமாக நூலகர் மேசை. சுற்றிலும் அறைகள், ஆனால் சுவர்கள் இடுப்பளவுதான். உட்கார்ந்தால் தனிமை, நிமிர்ந்தால் ஊர். மேசைக்கு எதிரே இருக்கிற சுவர்களையெல்லாம் நேராக்கிவிட்டேன், ரேக் ஒட்டி நிற்கும். ரவூப் பார்த்துவிட்டு முதன்முறையாக மன்னிப்புக் கேட்காமல் பேசினார்: "இதுல நான் உக்காருவேன் சார்." முதல் வரைபடத்தைவிட இது நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. இது என்னுடையது இல்லை என்பதுதான் காரணமோ என்னவோ. தீர்மானத்தில் சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனிப்பும் கொடுத்தார்.

ஜூலை 18, வியாழன்

மனசு ஆறவில்லை. அவர் மன்னித்தது அவர் பெருந்தன்மை. அதற்காகச் சிவப்பு மையில் அந்தப் பெயர் அப்படியே கிடந்து குப்பைக்குப் போவதா? முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு நூலகத்துக்குள் போனேன். வலது காலை வைத்துத்தான்.

கழிவுக் கட்டுகளிலிருந்து ரவூப் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். "ரெண்டு பிரதி இருந்துச்சாமுங்க. இன்னொண்ணைக் கரையான் தின்னு, ரெண்டாயிரத்துலயே கழிச்சுட்டாங்க. மிச்சம் இது ஒண்ணுதான்" என்று கொடுத்துவிட்டுத் தபால் வாங்கப் போனார்.

முதல் பக்கத்தில் இருந்தது: "ஒரு படம் வெட்டி எடுக்கப்பட்டுள்ளது. உறுப்பினர் எண் 2216, பரிமளா." பச்சைப் பேனாவால் அந்தப் பெயரை அடித்தேன். கீழே தெளிவாக எழுதினேன்: "இதைச் செய்தவன் நான். வி. கனகசபாபதி, கட்டடக் கலைஞர்." தேதி போட்டேன். அலுவலக முத்திரையையும் எடுத்துப் போயிருந்தேன், குத்தினேன். மனசு லேசானது. அந்தக் காயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று பக்கங்களைப் புரட்டினேன்.

படம் 47, தென்னைத் தண்டு, அதன் இடத்தில் முழுசாக இருந்தது. புள்ளிகளோடு.

வெட்டு வேறொரு இடத்தில் இருந்தது, லேசாகக் கோணலாக, 30-க்கும் 32-க்கும் நடுவில். பொருளடக்கத்தைப் பார்த்தேன். படம் 31: செம்பருத்திப் பூ, நீள்வெட்டுத் தோற்றம்.